சம்பளம் வாங்கிய நாற்காலி

நாணு பட்டாளத்தில் சேர்ந்தது ராஜாவுக்காகவும் அல்ல, தேசத்துக்காகவும் அல்ல. ராணுவத்தில் சாப்பாடு இனாம் என்று தாதர் ஸ்டேஷனில் ஒட்டியிருந்தார்கள். அதை அவன் மாட்டுங்கா வீட்டுக்கு வந்து அப்பா அம்மா எதிரில் மனப்பாடமாக ஒப்பித்தான்.

"சாப்பாடு இனாம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும்மா."

"என்ன சாப்பாடுன்னு போட்டிருக்கா?" என்றாள் அபயாம்பாள்.

"அது போடலை."

"போடாம விட்டதைத்தான் பயப்படணும்."

அவன் தகப்பனார் வேங்கடசுப்ரமணியன் மனத்துக்குள் கணக்குப் போட்டார். கோட்டைப் பகுதியில் பூட்டும் கீலும் இறக்குமதி செய்கிற மெக்பிண்டர் கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க் அவர். கெஞ்சிக் கூத்தாடிப் போன வருஷம்தான் நாணுவையும் அங்கே நுழைத்திருந்தார். அரிசி விலை ஏறுகிறது, பகார் என்கிற சம்பளம் ஏறவில்லை. பிள்ளை ஒரு இலையைக் குறைத்துக்கொண்டு போகிறேன் என்கிறான். யுத்தம் என்றைக்காவது முடியும். தான் ரிட்டயர் ஆவதற்குள் அவன் திரும்பி வந்து பழையபடி தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் போதும், வீட்டில் அடுப்பு எரியும். இல்லாவிட்டால் எரியாது. இதுதான் அவருடைய யுத்தக் கொள்கை. நேச நாடுகளின் கொள்கையைவிட இது தெளிவாக இருந்தது.

கம்பெனியும் நல்ல மனதோடு நோட்டீஸ் போட்டது. "பட்டாளத்துக்குப் போகிறவர் திரும்பி வரும்வரை அவர் நாற்காலி அவருக்காகக் காத்திருக்கும்." மெக்பிண்டர் துரையே கையெழுத்துப் போட்டிருந்தார். வேங்கடசுப்ரமணியன் அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் பிள்ளையை ரயிலேற்றினார். நாற்காலி காத்திருக்கும் என்றால் வேலை காத்திருக்கும் என்று அர்த்தம் என நினைத்துக்கொண்டார். கம்பெனி எழுதியதை எழுதியபடியே படிக்கிற பழக்கம் அவருக்கு வரவில்லை.

நாணு போன மறுமாதம் ஆயுத பூஜை. மெக்பிண்டர் கம்பெனியில் மதராஸிக் கிளார்க்குகள் பாதிக்கு மேல். வருஷா வருஷம் டைப்ரைட்டர், மைக்கூடு, தராசு, நாற்காலி என்று கைக்கு எட்டியதற்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பூஜையில் வைத்த பொருளை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமியன்று அவரவர் வந்து அவரவர் பொருளுக்குப் பூஜையை முடித்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வருஷம் யாரோ பாசத்தில் நாணுவின் நாற்காலிக்கும் ஒரு பொட்டு வைத்தார்கள். மறுநாள் எல்லாரும் அவரவர் பூஜையை முடித்துக்கொண்டார்கள். நாணுவுடையதை முடிக்க நாணு இல்லை. சந்தனம் காய்ந்தது. நாற்காலி பூஜையிலேயே நின்றுவிட்டது.

பத்து நாள் கழித்துப் புதிதாக வந்த குஜராத்திக் கிளார்க் ஒருவர் காலியாயிருக்கிறதே என்று அதில் உட்காரப் போனார்.

"ஐயையோ! பூஜையில இருக்கு!"

நாலு பக்கமிருந்தும் கத்தினார்கள். உட்காரப் போனவர் பாதி உட்கார்ந்த நிலையில் அப்படியே நின்றார். சத்தம் கேட்டுத் துரை வெளியே வந்தார். என்ன விஷயம் என்று கேட்டார்.

பதில் சொல்ல வேண்டியவர் சீஃப் அக்கவுண்டண்ட் சுந்தரராமன். தம்முடைய பெயருக்கு முன்னால் கொஞ்சம் இடம் காலியாக இருப்பதாகவும், அதில் சர்க்கார் பட்டமான ராவ் சாகிப் என்ற இரண்டு வார்த்தை சரியாகப் பொருந்தும் என்றும் அவருக்கு ஒரு எண்ணம். சந்தனம், குங்குமம், சரஸ்வதி, மறுநாள் என்று ஒரு வெள்ளைக்காரனுக்கு விளக்குவதைவிடச் சுருக்கமாக ஏதாவது சொல்லலாம் என்று அவர் நினைத்தார்.

"இது ஒரு வீரனின் நாற்காலி, சார். யாரும் உட்கார மனம் வரவில்லை."

துரை தொப்பியைக் கழற்றினார். அந்தத் தொப்பியிலிருந்துதான் வீரர் கௌரவக் கமிட்டி பிறந்தது.

கமிட்டியின் முதல் கூட்டத்தில் சுந்தரராமன் பேசினார்:

"நண்பர்களே! நாம் இங்கே பத்திரமாக உட்கார்ந்திருக்கிறோம். யாரால்? இந்த நாற்காலியில் உட்காராத ஒருவனால். ஆகவே உட்காராமலிருப்பதே உயர்ந்த சேவை. துர்பாக்கியவசமாக நான் உட்கார்ந்தே சேவை செய்யும்படி விதிக்கப்பட்டவன். அந்தக் குறையை உங்கள் மூலமாகத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன். மாதம் ஒரு நாள் சம்பளத்தை எல்லோரும் மனமுவந்து கமிட்டிக்குக் கொடுக்கப் போகிறீர்கள். மனமுவக்காதவர்கள் கையைத் தூக்கலாம். ஓய், தூக்குகிறவர்கள் பெயரைக் குறித்துக்கொள்ளும்!"

கூரையில் மின்விசிறி மட்டும் கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

அந்த மாதக் கடைசியில் ஹாஜர் புஸ்தகத்தைப் பார்த்த வேங்கடசுப்ரமணியனுக்குக் கண் சரியில்லையோ என்று தோன்றிற்று. நாணுவின் பெயருக்கு நேரே தினமும் 'வந்தார்' என்று இருந்தது.

"சார், பையன் ராஞ்சியில இருக்கான். இங்கே ஹாஜர் போட்டிருக்கே?"

"துரை தொப்பி கழட்டின இடத்துக்கு ஆப்ஸென்ட் போடச் சொல்றீரா?"

"ஆள் வரலையே சார்."

"நாற்காலி வந்திருக்கோ இல்லையோ?"

"அது போகவே இல்லையே."

"கேட்டீரா? நீர் அஞ்சரை அடிச்சா போயிடறீர். அது போறதில்லை. அதுக்கு ஹாஜர் போடாம உமக்கா போடறது?"

ஹாஜர் இருந்தால் சம்பளம் உண்டு. இது கம்பெனி விதி. வேங்கடசுப்ரமணியன் தயங்கித் தயங்கி, அப்படியானால் அந்தச் சம்பளத்தை வீட்டுக்குக் கொடுக்கலாமே என்றார். சுந்தரராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பட்டாளத்துல ஒரு சம்பளம் வாங்கறான். இங்கேயும் ஒண்ணு வாங்கினா அவன் வீரன் இல்லை, கூலிப்படை. உம்ம பிள்ளையை நான் அப்படி ஆக விடுவேனா? இது நாற்காலியோட சம்பளம். கமிட்டிக்கு வரும்."

அன்று இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அபயாம்பாள் விசாரித்தாள்.

"ஏன்னா, கமிட்டின்னா யார் யாரு?"

"சுந்தரராமன் தலைவர்."

"சரி."

"சுந்தரராமன் காரியதரிசி."

"ம்."

"பொக்கிஷதாரும் அவர்தான்."

"மத்தவாள்ளாம்?"

"நாங்க கைதட்டறோம்."

அபயாம்பாள் மோரை விட்டாள். அதில் தண்ணீர் அதிகமாயிருந்ததற்குக் காரணம் கோபமா, விலைவாசியா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நாற்காலிக்கு அலவன்ஸ் வந்தது. துடைக்கத் தனியாக ஓர் ஆள், தாராவியிலிருந்து வருகிற பியூன் சுயம்பு, நியமிக்கப்பட்டான். அதன் பக்கம் போகிறவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். முதலில் பக்தியால் கழற்றினார்கள், பிறகு பழக்கத்தால். கழற்றாவிட்டால் சுந்தரராமன் பார்க்கிறார் என்பது கடைசிக் காரணம், ஆனால் பலமான காரணம். வருஷம் முடிந்ததும் நாற்காலிக்கு இன்கிரிமெண்ட் போட்டார்கள். வேங்கடசுப்ரமணியனுக்குப் போடவில்லை.

"வீரனோட தகப்பனார் நீர். போயும் போயும் பணத்தைப் பத்திப் பேசலாமா?" என்றார் சுந்தரராமன் மனத்தாங்கலோடு. "நாற்காலி ஒரு வார்த்தை கேட்டிருக்குமா?"

மாலை ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வரும்போது வேங்கடசுப்ரமணியன் யோசித்தார். பிள்ளை எழுதுகிற கடிதங்களில் வீரத்தின் அடையாளம் ஏதாவது இருக்கிறதா? 'பட்டாளத்துக் கழுதைக்குக் கொள்ளு வரவில்லை. வெங்காயம் அழுகி வந்தது. எனக்கு மறுபடி ஜுரம்.' இதுதான் இருக்கிறது. சாம்ராஜ்யம் எதனால் நிற்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் சாம்ராஜ்யத்தைப் பற்றிப் பேசுகிற எவனும் வெங்காயத்தைப் பற்றிப் பேசியதில்லை என்பது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

நாற்பத்துநாலாம் வருஷம் ஏப்ரலில் துறைமுகத்தில் கப்பல் வெடித்தது. கட்டடம் ஒரு தடவை ஊஞ்சல் மாதிரி ஆடி நின்றது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் ஓடினார்கள். மாடிப்படியில் எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் சுந்தரராமன். வேங்கடசுப்ரமணியன் பைகுலாவுக்கு வந்த பிறகுதான் ஒரு காலில் செருப்பில்லை என்பதைக் கவனித்தார்.

இரண்டு நாள் கழித்துக் கூட்டம் கூடிற்று.

"நண்பர்களே! ஆபத்து வேளையில் நாமெல்லோரும் ஓடினோம். நான் வழிகாட்ட வேண்டியிருந்ததால் முன்னால் ஓடினேன். ஆனால் ஒருவர் ஓடவில்லை! கண்ணாடி மழையாய்ப் பொழிந்தபோதும் தன் இடத்தைவிட்டு ஒரு அங்குலம்கூட அசையாமல் கடமையே கண்ணாக இருந்தது யார்?"

எல்லாரும் நாற்காலியைப் பார்த்தார்கள். அதன் கையில் ஒரு கீறல் இருந்தது. யுத்தகாயம்.

அன்றே அதற்கு வீரப் பத்திரம் கொடுக்கப்பட்டது. சீனியர் கிரேடுக்கு உயர்த்தப்பட்டது. ஓடிப்போனவர்களுக்கு அரை நாள் சம்பளம் வெட்டு. வெட்டியது கமிட்டிக்கு.

இதன் விளைவு ஆடி மாதம் ஒரு சர்க்கார் கவரில் வீட்டுக்கு வந்தது. வேங்கடசுப்ரமணியன் முப்பது வருஷம் உழைத்தும் எட்டிப் பார்க்காத வருமானவரி வரம்பை, நாற்காலி இரண்டே வருஷத்தில் தாண்டியிருந்தது. நாணுவின் பெயருக்கு நோட்டீஸ். பிள்ளை யுத்தத்தில் இருப்பதால் தகப்பனார் ஆஜராக வேண்டும்.

வரி ஆபீசில் மன்சூர் அலி என்ற ஆபீசர் மிகவும் மரியாதையாக உட்காரச் சொன்னார். உட்கார நாற்காலி இல்லை.

"சொல்லுங்கோ சாப். ஏன் இவ்வளவு நாளா டாக்ஸ் கட்டலை?"

"அது என் பையன் சம்பளம் இல்லை சார். அவன் நாற்காலியோடது."

"குர்ஸி?"

"ஆமாம் சார்."

"குர்ஸிக்கு ஷாதி ஆயிருக்கா?"

"கல்யாணம் ஆகலை சார்."

"அதை நம்பி யாராவது இருக்காங்களா?"

வேங்கடசுப்ரமணியன் கொஞ்சம் யோசித்தார். "நாங்க இருக்கோம் சார். நானும் என் சம்சாரமும்."

"அதை எழுத இங்கே இடமில்லை." ஆபீசர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "பாருங்க சாப், சம்பளம் பிறந்திருக்கு. பிறந்தா நாங்க வருவோம். மனுஷனா குர்ஸியான்னு பாக்க எங்களுக்கு உத்தரவு இல்லை. பணம் யார்கிட்டே இருக்கு?"

"கமிட்டிகிட்டே."

"கமிட்டி தர்ம காரியம். அதுக்கு வரி கிடையாது. குர்ஸிக்கு கார்டியன் யாரு?"

அபயாம்பாளிடம் இதையெல்லாம் ராத்திரி சொன்னபோது அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்த வரியை?"

"மாசா மாசம் என் பகார்லேர்ந்து பிடிச்சுக்கறாளாம்."

"பிள்ளை கழுதைக்குக் கொள்ளு போடறான். நீங்க குர்ஸிக்கு வரி கட்டறேள். இந்தக் குடும்பத்துல நன்னா இருக்கிறது அது ஒண்ணுதான்." முறத்தைத் தட்டினாள். "செம்பூர்லேர்ந்து ஒருத்தர் ஜாதகம் கேட்டு வந்தார். பையன் மெக்பிண்டர்ல சீனியர் கிரேடாமே, ஒருநாள் லீவு எடுக்காதவனாமேன்னார். பையனுக்குக் கேக்கறேளா, நாற்காலிக்கான்னு கேட்டேன். போயிட்டார்."

யுத்தம் முடிந்தது. வெற்றி விழாவுக்கு நாற்காலிக்கு ஆளுயர ரோஜா மாலை போட்டுப் போட்டோ எடுத்தார்கள். பத்திரிகையில் வந்தது. மாட்டுங்கா மார்க்கெட்டில் கொத்தமல்லி கட்டிக்கொடுத்த காகிதத்தில் அதை அபயாம்பாள் பார்த்தாள். காலி நாற்காலி, மாலை, அடியில் 'நமது வீரன்'.

அவள் கத்திய கத்தலில் கீழ் பிளாட்காரர் மேலே ஓடி வந்தார்.

"உசிரோட இருக்கிற பிள்ளைக்கா? காலி நாற்காலிக்கு மாலை எப்போ போடுவான்னு அந்தப் பிராமணனுக்குத் தெரியாதோ? போய்க் கேளுங்கோ! இன்னிக்கே கேளுங்கோ!"

வேங்கடசுப்ரமணியன் போய்க் கேட்டார்.

"மாலை நாற்காலிக்குப் போட்டது ஓய், பையனுக்கில்லை," என்றார் சுந்தரராமன். "அவன் உசிரோட இருக்கிறதுல கமிட்டிக்கு ஆட்சேபணையே கிடையாது."

நாற்பத்தாறாம் வருஷம் ஆவணியில் நாணு வந்து சேர்ந்தான். போகும்போது கொண்டுபோன டிரங்குப் பெட்டி அவனைவிடக் கனமாக இருந்தது. மலேரியாவும் அதற்குத் தின்ற மாத்திரையும் சேர்ந்து அவனை மஞ்சளாக்கியிருந்தன. அக்கம்பக்கத்து மாமிகள் பார்க்க வந்தார்கள்.

"எங்கேடா சண்டை போட்டாய்?"

"சண்டை போடலை மாமி. கழுதைக்குத் தீனி கணக்கு எழுதினேன்."

"கழுதை சண்டை போட்டுதா?"

"அதுவும் போடலை. சுமந்தது."

மாமிகள் ஏமாற்றத்தோடு போனார்கள். அபயாம்பாள் அவனை உட்காரவைத்து ரசஞ்சாதம் பிசைந்து போட்டாள். இனாம் சாப்பாட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

தை மாதம் வேங்கடசுப்ரமணியனுக்கு ரிட்டயர்மெண்ட். நடுவில் நாலு மாசம்தான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மறுநாளே ஆபீசுக்குப் போனார். நாணு பழைய பழக்கத்தில் நேரே தன் இடத்துக்குப் போனான். சுயம்பு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"தம்பி, செருப்பக் களத்துங்க மொதல்ல."

"ஏன்யா, என் நாற்காலிதானே?"

"ஒங்க நாற்காலிதான். ஆனா அது ஒங்களவிடப் பெரிய ஆளாயிட்டு."

சுந்தரராமன் தகப்பனையும் பிள்ளையையும் தம் அறைக்கு அழைத்து அன்போடு பேசினார்.

"நாணு, உன்னைப் பார்த்தாலே மயிர்க்கூச்செறியறது. ஆனா ஒரு சிக்கல். நீ போறச்சே ஜூனியர். இப்போ நாற்காலி சீனியர். ஜூனியர் சீனியர் மேலே உட்காரலாமா?"

"கம்பெனி நோட்டீஸ்ல நாற்காலி காத்திருக்கும்னு இருக்கே சார்?"

"காத்திண்டுதானே இருக்கு! வாக்குத் தவறினோமா? நீ நாலு வருஷம் ஆப்ஸென்ட். அது ஒருநாள் ஆப்ஸென்ட் உண்டா? கப்பல் வெடிச்சப்போ நீ எங்கே இருந்தே?"

"மணிப்பூர் பக்கத்துல சார். ஜுரத்துல."

"அது இங்கே இருந்தது!" மேஜையைத் தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன்னை விட்டுடுவோமா? தினக்கூலிக்கு ஒரு இடம் போட்டுத் தரேன். நாற்காலிக்கு உதவியாளர். சுயம்புவுக்கும் வயசாறது."

"நான் எங்கே உட்கார்றது சார்?"

"பக்கத்துல ஸ்டூல் போடச் சொல்றேன். வீரனாச்சே."

ஒரு மாதம் நாணு ஸ்டூலில் உட்கார்ந்து தன் நாற்காலியைத் துடைத்தான். "ரெண்டு பேரு தொடைக்க அதுல தூசி இல்ல தம்பி," என்றான் சுயம்பு, "நீங்க மேல்பாதி தொடைங்க, நான் காலப் பாத்துக்கிடுதேன்." எதிர்ப்பக்கம் வேங்கடசுப்ரமணியன் கடித உறைகளுக்கு அரக்கு வைத்துக்கொண்டு தலை நிமிராமல் இருந்தார். பிள்ளை பிறந்தபோது இவன் கலெக்டராவான் என்று மாமனார் சொன்னார். குமாஸ்தாவானால் போதும் என்று இவர் நினைத்தார். ஒரு தகப்பன் இதைவிடக் குறைவாக என்னதான் ஆசைப்பட முடியும் என்று இப்போது யோசித்துப் பார்த்தார். ஸ்டூல் என்பது அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. நாற்காலியின் ஐந்தாவது பூஜை. இந்தத் தடவை விஜயதசமியன்று காலையில் பெரிய விழா, ஊழியர்கள் குடும்பத்தோடு வரவேண்டும் என்று சுற்றறிக்கை. தச்சன் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொண்டு வந்து சுந்தரராமன் அறை வாசலில் இறக்கியிருந்தான். நாற்காலியை அதற்குள் வைத்துப் பூட்டி நிரந்தரமாக்கப் போகிறார்கள். பூட்டு கம்பெனியின் பூட்டு. அது பூட்டப்பட்டால் நாணுவுக்கு ஆயுசுக்கும் ஸ்டூல்தான்.

அபயாம்பாள் பட்டுப்புடைவை கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். துரை தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுந்தரராமன் எழுந்தார். துரைக்காக அவ்வப்போது இங்கிலீஷிலும் சொல்லிக்கொண்டார். இங்கிலீஷில் சுருக்கமாயிருந்தது.

"நண்பர்களே! சிலர் கேட்கிறார்கள், வீரன்தான் திரும்பி வந்துவிட்டானே என்று. திரும்பி வருவது வீரனுடைய சொந்த விஷயம். அதற்குக் கமிட்டி பொறுப்பல்ல. திரும்பி வராதவர்களைக் கௌரவிப்பது எளிது. அவர்கள் ஒன்றும் கேட்பதில்லை. வருகிறவர்கள் வேலை கேட்கிறார்கள், ஜுரத்துக்கு மருந்து கேட்கிறார்கள், நம்மைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்துகிறார்கள். இந்த நாற்காலியைப் பாருங்கள்! நாலு வருஷமாக எதுவும் கேட்டதில்லை. கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. யாருக்கு? கமிட்டிக்கு! இப்படிப்பட்ட தியாகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள்..."

"சித்த இருங்கோ. நேக்கு ஒரு சந்தேகம்."

அபயாம்பாள் எழுந்து நின்றாள். வேங்கடசுப்ரமணியன் அவளுடைய புடைவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். தலைப்பு கையோடு வந்தது, அவள் வரவில்லை.

"இந்த நாற்காலியை நாப்பத்திரண்டுல பூஜைக்கு வச்சேளே, அதுக்கு யதாஸ்தானம் எப்போ பண்ணினேள்?"

மதராஸிக் கிளார்க்குகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூஜை முடிந்தால் பூஜையில் வைத்ததை வடக்குப் பார்க்கக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். மஞ்சளில் பிடித்த பிள்ளையாரானாலும் அப்படித்தான், புஸ்தகமானாலும் அப்படித்தான். நகர்த்தினால்தான் வந்த தெய்வம் எழுந்து தன் இடத்துக்குப் போகும், பொருள் மறுபடி பொருளாகும். அது அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் குழந்தையிலிருந்து தெரியும். நாலு வருஷமாக ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

"அது... வீரன் வந்தப்புறம் பண்ணலாம்னு..." என்று இழுத்தார் சுந்தரராமன். அவர் வீட்டிலும் பூஜை உண்டு.

"வந்துட்டானே. அதோ, ஸ்டூல்ல."

"மந்திரம் சொல்ல வாத்தியார் இல்லையே மாமி."

"மந்திரம் நேக்குத் தெரியாது. தள்ளத் தெரியும். வடக்கு எது?"

வடக்கு எது என்பதில் கிளார்க்குகளுக்குள் அபிப்பிராய பேதம் உண்டாயிற்று. முப்பது வருஷமாக அந்த ஹாலில் இருந்தவர்களுக்கு டிபன் எந்தப் பக்கம், துரை எந்தப் பக்கம் என்றுதான் தெரியும். ஒருவர் சர்ச்கேட் பக்கம் என்றார், ஒருவர் கொலாபா பக்கம் என்றார்.

"காலைல வெயிலு கப்பல் பக்கமிருந்துல்லா அடிக்கி," என்றான் சுயம்பு. "அப்பம் வடக்கு அந்தா, தொரை ரூமுதான் தாயி."

அபயாம்பாள் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நாற்காலியின் முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். பர்மாத் தேக்கு. முதலில் அசையவில்லை. கப்பல் வெடித்தபோதே அசையாத நாற்காலி. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தள்ளினாள். தரையில் கிரீச்சென்று ஒரு சத்தம். நாலு விரற்கடை நகர்ந்தது.

"போறும். எழுந்தாச்சு," என்றாள் மூச்சு வாங்க.

துரை சுந்தரராமனைப் பார்த்தார். அந்த அம்மாள் என்ன செய்தாள் என்று கேட்டார்.

சுந்தரராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பூஜை முடிந்தது என்று சொன்னால் என்ன பூஜை என்று துரை கேட்பார். என்ன பூஜை என்று சொன்னால், நாலு வருஷமாகத் துரை தொப்பி கழற்றியது ஒரு பொட்டு குங்குமத்துக்கு என்பது தெரிந்துவிடும். ராவ் சாகிப் என்ற இரண்டு வார்த்தையும் கண்ணெதிரே ஆடிற்று. வழக்கம்போலச் சுருக்கமாக ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தார்.

"நாற்காலி ரிட்டயர் ஆகிவிட்டது, சார்."

"ஆ!" என்றார் துரை. எழுந்து வந்து நாற்காலியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாலு வருஷம், ஒருநாள்கூட லீவில்லை. ஓய்வு நியாயந்தான். அப்படியானால் ஒரு இடம் காலி. யாரைப் போடப் போகிறீர்கள்?"

சுந்தரராமனுக்கு ஒரு மைத்துனன் உண்டு. அந்தப் பெயரின் முதல் எழுத்துக்கு அவர் வாய் திறந்தது.

"என் பையன், சார்."

யாரோ சொன்னார்கள். யார் என்று வேங்கடசுப்ரமணியனும் சுற்றிப் பார்த்தார். தாம்தான் சொன்னோம் என்பது அவருக்குச் சற்றுத் தாமதமாகத் தெரிந்தது.

துரை நாணுவை மேலும் கீழும் பார்த்தார். இவன்தான் அந்த வீரன் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. மஞ்சளாய், ஒல்லியாய், துணியும் கையுமாக நின்றான்.

"உட்காரத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்படியானால் உட்காரட்டும்."

அபயாம்பாள் முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தாள். நாலு வருஷத்துச் சந்தனம், நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. "உக்காருடா," என்றாள். நாணு உட்கார்ந்தான். கிளார்க்குகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். இடி விழவில்லை. பின்வரிசையில் ஒருவர் மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டார். அப்புறம் இன்னொருவர். அப்புறம் ஹால் முழுக்கச் செருப்புச் சத்தம்.

சுந்தரராமன் வேங்கடசுப்ரமணியன் காதருகே குனிந்தார்.

"சீனியர் கிரேடு நாற்காலியோட ரிட்டயர் ஆயிடுத்து, தெரிஞ்சுக்கும். பையனுக்கு ஜூனியர் பகார்தான்."

"போறும்," என்று அபயாம்பாளே பதில் சொன்னாள். "வரி கட்டற அளவுக்கெல்லாம் எங்களுக்கு ஆசை இல்லை."

சுந்தரராமன் அதைக் கேட்காதவர் மாதிரி இன்னும் நெருங்கினார். "ஓய், கமிட்டியைச் சட்டுனு கலைக்க முடியாது. பெட்டி வேற வந்திருக்கு. நீர் தையில போறீர். முப்பது வருஷ சேவை. உம்ம நாற்காலிக்கு ஒரு பொட்டு வச்சா..."

வேங்கடசுப்ரமணியன் அவரை விட்டு விலகினார். நேரே தம் இடத்துக்குப் போனார். தம் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்தார். வடக்குப் பார்க்க நாலு விரற்கடை இழுத்துப் போட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த மேஜைக்காரர் அதைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தம்முடையதையும் லேசாக நகர்த்தினார்.

சாயங்காலம் ஆபீஸ் கலைந்தபிறகு சுயம்பு பெருக்க வந்தான். வரிசை வரிசையாக எல்லா நாற்காலிகளும் வடக்கே கொஞ்சம் தள்ளிக் கிடந்தன. பெருக்கிக்கொண்டே கடைசியில் சுந்தரராமன் அறைக்கு வந்தான். வாசலில் கண்ணாடிப் பெட்டி காலியாகத் திறந்திருந்தது. உள்ளே அவர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சுயம்பு விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தான்.

"கொஞ்சம் எந்திரிங்க சாமி. ஒங்களதையும் நகட்டி வச்சிருதேன்."